யாழ் நகர வீடமைப்புத் திட்டத்தில் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012 இல் ஒரு தொண்டு நிறுவனத்தின் கள உத்தியோகத்தராக இந்தத் துறைக்குள் வந்தேன். அன்று முதல், புதிதாகச் சேரும் பிள்ளைகளும் சேரலாமா என்று யோசிப்பவர்களும் அவர்களின் தாய் தகப்பனும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டுவருகிறார்கள். அவர்கள் கேட்ட வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். யாழ்ப்பாண மாநகர எல்லையையும் அதை ஒட்டிய இடங்களையும் மனதில் வைத்து எழுதியது இது. வன்னிக்கு அப்படியே பொருந்தாது.

வீட்டுத்திட்டம் எண்டால் எல்லா இடமும் ஒண்டுதானே? ரவுணுக்குள்ளை என்ன வித்தியாசம்?

எங்கள் சனத்துக்கு வீட்டுத்திட்டம் என்றதும் நினைவுக்கு வருவது இந்திய வீட்டுத்திட்டம். மொத்தம் 50,000 வீடுகள். அதில் 46,000 வடக்கு கிழக்குக்கு. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், 550 சதுர அடி வீடு. காசு தவணை தவணையாக வங்கிக்கு வந்தது, குடும்பமே மேசனைப் பிடித்துக் கட்டியது. இந்த முறைக்கு அடிப்படையாக ஒன்று இருந்தது: குடும்பத்திடம் காணி இருக்க வேண்டும்.

நகரத்தில் அந்த அடிப்படைதான் இல்லை. குருநகர், பாஷையூர், நாவாந்துறை, கொட்டடி, பொம்மைவெளி பக்கம் போய்ப் பாருங்கள். ஒன்றரைப் பரப்பு (15 பேர்ச்) காணிக்குள் மூன்று குடும்பம், ஒரு கிணறு, உறுதி (காணிப் பத்திரம்) பேரனின், அதாவது தாத்தாவின் பெயரில், பேரன் இறந்து நாற்பது வருடம். அங்கே புதிய வீடு கட்டுவது எங்கள் வேலையில் ஒரு பங்குதான். கூரை மாற்றுவது, ஓர் அறை கூட்டுவது, மலசலகூடம், காணிப் பத்திரங்களை ஒழுங்காக்குவது, வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓர் எழுத்து ஒப்பந்தம் எடுத்துக் கொடுப்பது என்று மிச்சம் எல்லாம் வரும்.

நான் கொமேர்ஸ் படிச்சனான். கட்டட வேலை ஒண்டும் தெரியாது. எனக்கு இடம் இருக்குமோ?

இருக்கும். தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குத்தான் கட்டடம் சார்ந்த டிப்ளோமாவோ பட்டமோ கேட்பார்கள். கள உத்தியோகத்தர், சமூக அணிதிரட்டல், கணக்கு, தரவு, சட்ட உதவி ஒருங்கிணைப்பு எல்லாவற்றுக்கும் வேறு படிப்புள்ளவர்கள் வருகிறார்கள். சிங்களம் கொஞ்சம் பேச வந்தால் நல்லது. கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கைக்கும் தொலைபேசிக்கும் அது உதவும்.

ஆனால் அத்திவாரம், பிளின்ற் (தரைமட்டம் வரை எழுப்பும் அடிக்கட்டு), லின்டல் (கதவு, யன்னலுக்கு மேல் வரும் விட்டம்) என்றால் என்ன என்று முதல் மாதத்துக்குள் தெரிந்துகொள்ளுங்கள். தவணைக் காசு விடுவது அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான். மேசனிடம் கேட்டுப் பழகுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சம்பளம் எப்பிடி? நிரந்தரமோ?

பெரும்பாலும் நிரந்தரம் இல்லை. திட்டம் எத்தனை மாதமோ ஒப்பந்தமும் அத்தனை மாதம். கையெழுத்துப் போட முன்னர் ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம், அதைவிட நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 வீதம். மிகச் சிறிய தொண்டு நிறுவனங்களைத் தவிர, தொண்டு நிறுவனம் என்பதற்காக இதில் விலக்கு இல்லை. களத்துக்கு உங்கள் சொந்த மோட்டார் சைக்கிளில் போவதென்றால் எரிபொருள் கொடுப்பனவையும் எழுத்தில் வாங்குங்கள்.

அரசாங்கம் இருக்கேக்கை தொண்டு நிறுவனம் ஏன் வீடு கட்ட வேணும்?

அரசாங்கத்துக்கு எதிராகவோ அதற்குப் பதிலாகவோ நாங்கள் வேலை செய்வதில்லை. 1979 இல் உருவான தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை இருக்கிறது, பிரதேச செயலகம் இருக்கிறது, மாநகர சபை இருக்கிறது. பிரதேச செயலாளருக்குத் தெரியாமல் ஒரு மலசலகூடம்கூடக் கட்ட முடியாது, முயலவும் கூடாது. நிறுவனமும் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். தன்னார்வ அமைப்புகளைப் பதிவு செய்யும் சட்டம் 1980 இலிருந்து இருக்கிறது.

எங்களால் கூடுதலாகக் கொடுக்கக்கூடியது நேரம். ஒரு கிராம அலுவலர் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பதில் சொல்கிறார். ஒரு குடும்பத்தோடு ஆறு முறை காணிப் பதிவகத்துக்குப் போய்வர அவருக்கு நேரமில்லை. எங்களுக்கு இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

முதல் நாள் என்ன செய்ய விடுவினம்?

கையில் ஒரு படிவத்தைத் தந்து வீடு வீடாக அனுப்புவார்கள். படிவத்தில் கூரை ஓடா தகரமா, சுவர் என்ன, எத்தனை பேர் என்று பெட்டிகள் இருக்கும். பெட்டிகளை நிரப்பிவிட்டு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இரவில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேளுங்கள். கரையோரத்தில் ஒரு வீட்டில் ஒரு தாய் எனக்குக் காட்டினார்: மூத்த மகள் குசினித் தரையில், சின்னவை இரண்டும் கட்டிலில், தகப்பன் வெளியே வலை குவித்திருக்கும் கொட்டிலில். மழை வந்தால் தகப்பன் உள்ளே வருவார், மகள் அயல் வீட்டுக்குப் போவாள். படிவத்தில் அந்த வீடு ‘ஓர் அறை, நிரந்தரக் கூரை’ என்று நல்ல நிலையில் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு வயது பதினாறு.

பயனாளியை ஆர் தெரிவு செய்யிறது? எங்கட சொந்தக்காரர் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?

புள்ளி முறைதான். பெண் தலைமைக் குடும்பம், மாற்றுத்திறனாளி, முதியவர், சிறு பிள்ளைகள், வருமானம், இப்போதைய வீட்டின் நிலை ஒவ்வொன்றுக்கும் புள்ளி. பட்டியலைக் கிராம அலுவலர் அலுவலகத்தில் ஒட்டி, ஆட்சேபனை சொல்லக் காலம் கொடுத்து, அதற்குப் பிறகே பிரதேச செயலாளரின் ஒப்புதலுக்குப் போகும். உங்கள் உறவினர் பட்டியலில் இருந்தால் முதலிலேயே எழுத்தில் அறிவித்துவிட்டு அந்த வீட்டின் மதிப்பீட்டிலிருந்து விலகுங்கள்.

புள்ளி முறைக்கு ஒரு குறை உண்டு. பேசத் தெரிந்தவரின் புள்ளி கூடும். கூட்டத்துக்கு வராதவர், கடற்கரை ஓரம் ஒதுங்கி இருப்பவர், சாதி காரணமாகக் கோயில் மண்டபத்துக் கூட்டத்துக்கு வரத் தயங்குபவர் தவறிப்போவார். காணியில்லாமைக்கும் சாதிக்கும் எங்கள் ஊரில் உள்ள தொடர்பை வாயால் பேசாவிட்டாலும் பட்டியலில் அது தெரியும். ஆகவே கூட்டத்தை எங்கே வைக்கிறோம் என்பதை முதலில் யோசியுங்கள். எல்லோரும் வந்து கதிரையில் இருக்கக்கூடிய பள்ளிக்கூடமோ வாசிகசாலையோ நல்லது.

உறுதி இருக்குத்தானே, சோலைவரியும் கட்டுறம். பிறகென்ன பிரச்சினை?

இந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி. ஆறுதலாக வாசியுங்கள்.

சோலைவரி (மாநகர சபைக்குக் கட்டும் ஆதன வரி) கட்டிய பற்றுச்சீட்டு காணி உங்களுடையது என்பதற்கு ஆதாரம் ஆகாது. மின்சாரப் பட்டியலும் அப்படித்தான். உறுதி இருந்தாலும் அது யாரின் பெயரில், காணிப் பதிவகத்தில் கடைசியாகப் பதியப்பட்டது எது, ஈடு (அடமானம்) ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரனுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் பிரிக்காத காணியில் ஐந்து பங்கு. அதில் ஒருத்தரின் மகள் கட்டப்போகும் வீட்டுக்கு மற்ற நாலு பங்கின் சம்மதமும் வேண்டும். இல்லாவிட்டால் லின்டல் மட்டத்தில் வழக்கு வரும். இரண்டு முறை கண்முன்னே பார்த்திருக்கிறேன். சுவர் பாதியில் நின்று மழையில் கறுத்துப்போனது.

அடுத்தது தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்ற பிரிவு பாட்டிமார் கதை இல்லை, இன்றும் நீதிமன்றத்தில் நடக்கும் சட்டம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? எங்கள் பட்டியலில் அப்படிப் பல பெண்கள் இருக்கிறார்கள். கணவன் எங்கே என்று தெரியாதபோது மாவட்ட நீதிமன்றம் அந்த அனுமதியைக் கொடுக்கலாம். அதோடு, மரணச் சான்றிதழ் வாங்க மனமில்லாதவர்கள் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க 2016 இலிருந்து வழி இருக்கிறது. ‘மரணச் சான்றிதழ் எடுங்கோ’ என்று ஒரு கள உத்தியோகத்தர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வந்த வீட்டில், அடுத்த தடவை கதவு திறக்கவில்லை. அந்தச் சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள்.

பங்குக்காரர் ஒராள் கனடாவிலை, ஒராள் சுவிஸிலை. கையெழுத்து எப்பிடி எடுக்கிறது?

அற்றோணித் தத்துவம் மூலம், அதாவது தனக்குப் பதிலாகக் கையெழுத்திட இன்னொருவருக்கு எழுத்தில் கொடுக்கும் அதிகாரம் மூலம். அவர்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘எனக்குச் சம்மதம்’ என்று அனுப்பிய குரல் பதிவு காணிப் பதிவகத்தில் செல்லாது.

மாதக்கணக்கில் இழுபடும். அதனால் தெரிவுப் பட்டியல் வெளிவந்த பிறகு தொடங்காமல், மதிப்பீட்டு நாளிலேயே பங்குக்காரரின் பெயர்களை எழுதி எடுங்கள். தொலைபேசியில் நீங்களும் ஒரு தடவை பேசுங்கள். பெரும்பாலானவர்கள் தங்கச்சிக்கு வீடு வரட்டும் என்றுதான் நினைக்கிறார்கள். கையெழுத்து வைத்தால் தங்கள் பங்கு போய்விடுமோ என்ற பயம்தான் தடை. வீடு கட்டச் சம்மதிப்பது வேறு, பங்கை எழுதிக் கொடுப்பது வேறு என்று விளக்கினால் பாதிப் பேர் இறங்கிவருவார்கள்.

பத்து வருஷம் இருந்தால் காணி இருக்கிற ஆளுக்குத்தானே?

இதை நம்பி எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள். 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருட ஆட்சி பற்றி இருப்பது உண்மை. ஆனால் சொந்தக்காரரின் அனுமதியோடோ வாடகை கொடுத்தோ இருந்தால் அந்த வருடங்கள் கணக்கில் வராது. அரச காணிக்கும் இது பொருந்தாது. போர் காரணமாகத் தங்கள் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கழித்துப் பார்க்க 2016 இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. ஒருவரின் வழக்குக்கு அது பொருந்துமா என்பதைச் சட்டத்தரணி சொல்ல வேண்டும், நாங்கள் சொல்லக்கூடாது.

கோயில் காணி, சேர்ச் காணி, கடற்கரைக் காணி எண்டால்?

மூன்றும் மூன்று கதை. கோயில், தேவாலயக் காணியில் இருப்பவர்களுக்கு நிர்வாகத்தின் நீண்டகாலக் குத்தகை எழுத்தில் கிடைத்தால் பல கொடையாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள். வாய்மொழி அனுமதி போதாது. நிர்வாகம் மாறினால் வார்த்தையும் மாறும்.

அரச காணி என்றால் பிரதேச செயலகம் வழங்கிய அனுமதிப்பத்திரம் வேண்டும். கடலேரி ஓரம் இன்னும் சிக்கல். கடற்கரையிலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை கரையோர வலயம் (கடலேரிக்கு எல்லை வேறு), அங்கே கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. பரம்பரையாக மீன்பிடிக்கும் குடும்பத்தைக் கரையைவிட்டு நாலு மைல் தள்ளிக் குடியேற்றினால் தொழில் போய்விடும். தள்ளிப்போகச் சொல்வதற்கு முன்னர், வள்ளம் எங்கே கட்டுகிறார், விடிய எத்தனை மணிக்கு இறங்குகிறார் என்று கேளுங்கள்.

வாடகைக்கு இருக்கிற ஆக்களை ஏன் திட்டத்திலை சேர்க்கிறதில்லை?

சேர்க்க வேண்டும். காணியில்லாதவர்தான் நகரத்தில் மிகக் கஷ்டப்படுபவர், ஆனால் நிதி தருபவர்களின் படிவத்தில் காணி ஆவணம் முதல் நிபந்தனை. ஒரு வருட முற்பணம் கேட்கும் வீட்டுக்காரர், ஒப்பந்தம் எழுத மறுக்கும் வீட்டுக்காரர், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் விடுமுறைக்கு வந்ததும் எழும்பச் சொல்வது, இவைதான் வாடகைக் குடும்பத்தின் வருடம். பள்ளிக்கூடம் மாறி மாறிப் பிள்ளை படிப்பை விடும்.

பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டுக்காரரின் வீடுகளைத் திருத்திக் கொடுத்து, அதற்கு ஈடாக ஐந்து வருடம் நிலையான வாடகைக்கு ஒரு குடும்பத்தை இருத்துவது நல்ல வழி என்று நான் நம்புகிறேன். திருத்தச் செலவு புதிய வீட்டைவிடக் குறைவு. ஒப்பந்தத்தைப் பிரசித்த நொத்தாரிசு முன் எழுத வேண்டும். உங்கள் நிறுவனத்தில் இந்தப் பேச்சை எடுங்கள்.

முஸ்லிம் ஆக்களுக்குப் புத்தளத்திலையும் வீடு இருக்கு. இஞ்சையும் ஏன் குடுக்க வேணும்?

இந்தக் கேள்வியை வேலைக்கு வருபவர்களே கேட்கிறார்கள். 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ் நகர முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். பலர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். யாழ் நகர முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில் வீட்டை விட்டுப் போன ஒரு குடும்பம் இன்று நாலு குடும்பம். பழைய காணி அதேயளவுதான். பல வீடுகள் இடிந்து அத்திவாரம் மட்டும் மிச்சம். சிலருக்கு உறுதியே கைவிட்டுப் போய்விட்டது.

இரண்டு இடத்திலும் கால் வைத்திருப்பது விருப்பத்தால் இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூடம் அங்கே, பேரனின் காணி இங்கே. ‘மாதத்தில் எத்தனை நாள் இங்கே இருக்கிறீர்கள்’ என்று மட்டும் கேட்டுப் புள்ளியை வெட்டினால், வீடு இல்லாததால் வரமுடியாதவரை வராததற்காக வெட்டுகிறோம். அவர்களுக்குத் தேசவழமை பொருந்தாது, வாரிசுரிமைச் சட்டம் வேறு. மேலே பங்குகளைப் பற்றிச் சொன்னதை அங்கே அப்படியே எடுத்துப்போகாதீர்கள்.

கக்கூஸ் கட்டுறதுக்கு இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு?

எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மேல்மண் குறைவு, கீழே வெடிப்பும் பொந்தும். குழியில் விட்டது கிணற்றுக்கு வரும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி என்று பொதுவாகச் சொல்வோம். நாவாந்துறையில் ஒரு வளவில் நானும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் ரேப்பைப் பிடித்து அளந்தோம். வடக்கு மூலையில் 31 அடி. தெற்கு மூலையில் 38, ஆனால் மதிலுக்கு அப்பால் அயலாரின் கிணறு 12 அடியில். அந்த வளவில் 50 அடி எங்குமே இல்லை.

அப்படியான இடத்தில் அடி திறந்த குழி வேண்டவே வேண்டாம். அடியும் சுவரும் சீமெந்தால் அடைத்த தாங்கி கட்டி, நிறைந்ததும் பவுசரில் (கழிவு உறிஞ்சும் தாங்கி வண்டியில்) எடுப்பிக்க வேண்டும். பவுசர் குழாய் எட்டும் தூரத்தில் தாங்கி இருக்கிறதா, ஒழுங்கைக்குள் பவுசர் வருமா என்று முன்னரே பாருங்கள். குடிதண்ணீருக்குக் குழாய் இணைப்போ மழைநீர்த் தொட்டியோ சேர்த்துத் திட்டமிடுங்கள். நிலமட்டத்தையும் கவனியுங்கள். 2008 இல் நிஷா புயல் மழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் சுவரில் கைவைத்துக் காட்டுவார். பிளின்ற் அதற்கு மேலே வரட்டும்.

குடுக்கிற காசு காணாது எண்டு எல்லாரும் சொல்லினம். உண்மையோ?

பல நேரம் உண்மை. 2022 நெருக்கடியில் ஒரு வருடத்துக்குள் சீமெந்து மூட்டை விலை ஏறக்குறைய மூன்று மடங்கானது. அப்போது கையெழுத்தான தொகைகள் அத்திவாரத்தோடு கரைந்தன. விலை ஏறினால் தொகையை மறுபரிசீலனை செய்யும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி நிறுவனத்தை வற்புறுத்துங்கள்.

ஆனால் காசு காணாமல் குடும்பங்கள் கடன்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் வீடு என்பது மகளின் சீதனமும்தான். 550 சதுர அடி வீட்டைச் சீதனமாகக் காட்டினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று தாய் கூடத்தை அகட்டுகிறார், முன்னுக்கு ஒரு பிளேற் (கொங்கிறீற் தட்டு) போடுகிறார். நகை அடகுக்குப் போகிறது, பிறகு வாரக் கடன். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாட்கல் வைக்கும் முன்னரே இதைப் பேச வேண்டும்: முதல் இரண்டு அறையையும் குசினியையும் முடித்துக் குடிபூரலை (புதுமனை புகுதலை) வையுங்கள், பின்னுக்குக் கூட்டக்கூடிய மாதிரி அத்திவாரத்தையும் கம்பியையும் விடுவோம். வரைபடத்திலேயே அந்தக் கூட்டும் பகுதியைக் கோடுபோட்டுக் காட்டினால் பல தாய்மார் சம்மதிக்கிறார்கள்.

இடம் இல்லையெண்டால் மாடி கட்டிக் குடுக்கலாமே?

குருநகரில் மாடிக் குடியிருப்பு இருக்கிறது, போய்ப் பாருங்கள். தண்ணீர்ப் பம்பிக்கு யார் காசு கட்டுவது, ஒழுகும் கூரையை யார் திருத்துவது, வலையை எங்கே காயவிடுவது, இவற்றுக்குப் பதில் இல்லாமல் மாடி கட்டக்கூடாது. பதில் இருந்தால் கட்டலாம். இரண்டு மாடியில் நாலு குடும்பம், அதுவும் ஒரே உறவுக்குள், என்பது எங்கள் நகரத்துக்குப் பொருந்திவரும்.

பொம்பிளைப்பிள்ளை தனிய களத்துக்குப் போகலாமோ?

போகிறார்கள். சிறந்த கள உத்தியோகத்தர்களாக நான் கண்டவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கணவன் இல்லாத வீட்டில் ஓர் ஆண் உத்தியோகத்தர் அடிக்கடி போய்வந்தால் அந்தப் பெண்ணைத்தான் ஊர் பேசும், அதையும் நினையுங்கள். மாலை ஆறுக்குப் பிறகு களப்பயணம் இல்லை, போகும் இடம் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும், முறைப்பாடு சொல்ல ஒரு பெண் அதிகாரி இருக்க வேண்டும். இந்த மூன்றும் நிறுவனத்தில் இருக்கிறதா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள்.

தெரிவாகாத வீட்டுக்குப் போய் என்னெண்டு சொல்லுறது?

நேரில் போய்ச் சொல்லுங்கள். பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடாதீர்கள். எத்தனை புள்ளி, எதில் குறைந்தது என்று தாளில் எழுதிக் கொடுங்கள். காணிப் பத்திரம்தான் காரணமென்றால் எந்தப் பத்திரம், அதை எடுக்க எந்த அலுவலகம், எந்த நாளில் போனால் ஆளைப் பிடிக்கலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

ஒரு ஐயா அப்படி நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணி மட்டும் தந்தார். மூன்று வருடம் கழித்து வேறொரு திட்டத்தின் கூட்டத்துக்கு வந்தார். மடிப்பில் கிழிந்து பிளாஸ்ரரால் ஒட்டிய அதே தாள், அதோடு பதிவான நன்கொடை உறுதி. இந்தமுறை அவருடைய பெயர் ஏழாவதாக இருந்தது.